பிரேக் பத்து மணிக்கு

காலை ஐந்து ஐம்பது. தாம்பரம் மேற்கில் ரயில்வே நடைமேம்பாலத்தின் படி இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலக் கயிறு. ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்தது. நுனியில் அடையாள அட்டை தொங்கியது. அவரைச் சுற்றி இன்னும் சில நீலக் கயிறுகள் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன.

அந்தக் கயிற்றை டேக் என்பார்கள். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்கள் அந்தச் சாலையோரத்தில்தான் வந்து நிற்கும். எல்லாம் வாடகை பஸ்கள். டிராவல்ஸின் பெயர் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். கம்பெனியின் பெயர் முன் கண்ணாடிக்குள் ஒரு தாளில், வெயிலில் வெளுத்துப்போய் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. டேக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். எதிர் வீட்டு அங்கிளும் என்னிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்.

"ப்ளூ டேக் போட்டவங்க எதுல ஏறறாங்களோ அதுல ஏறு. உள்ள போய் என் பேரைச் சொல்லு. அவ்வளவுதான்."

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். ஏதாவது ஒரு தொழிற்சாலையில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, கடைசி நாள். நான் சேர்ந்துவிட்ட தகவல் அன்றைக்குள் துறைத் தலைவருக்குப் போகாவிட்டால் மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாதவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது. வகுப்பில் மிச்சமிருந்தது நான் மட்டும்தான்.

தேடாமல் இல்லை. கண்ட கம்பெனிக்கெல்லாம் மெயில் அனுப்பினேன். வந்த ஒரே பதில், அப்படி ஒரு முகவரியே இல்லை என்பது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடையின் மாடியில் இன்டர்ன்ஷிப் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டார்: "ஆன்லைனா, ஆஃப்லைனா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் மேடம்?"

"ஆஃப்லைன்னா நீங்க நேர்ல வந்து சர்டிபிகேட் வாங்கிக்கணும். ஆன்லைன்னா நாங்களே மெயில் பண்ணிடுவோம்."

அதன் பிறகுதான் அம்மா அங்கிளிடம் சொன்னாள். அங்கிள் அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். தினமும் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடப்பவர். அவரோடு நடப்பவர்களில் ஒருவர் ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் செய்யும் கம்பெனியில் பெரிய ஆளாம். மறுநாளே அங்கிள் எங்கள் கேட்டில் நின்று அறிவித்தார்: "பேசிட்டேன். உன் நம்பரும் குடுத்தாச்சு. முடிஞ்சது."

நீலக் கயிறுகள் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். ஜன்னலோரம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். முதலில் பார்த்த அந்தப் பெண் வந்து நின்றார்.

"பாப்பா, அது என் சீட்டு."

"சாரி அக்கா, தெரியல."

"கண்ணாடில பாரு, எண்ணெ கறை கீதா? அது என் தலதான்."

நகர்ந்து உட்கார்ந்தேன். அக்காவுக்கு ஊர் பீர்க்கன்கரணை. தையல் பிரிவில் வேலை என்றார். பிரேக் கம்பெனியில் என்ன தைப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பின்னாளில் நான் போன வேலை பத்திரிகை வேலை. இரண்டு தரப்பையும் விசாரித்துத்தான் எழுத வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அன்று நான் ஒரு தரப்பைக்கூட விசாரிக்கவில்லை.

"புதுசா?"

"ஆமாக்கா. ட்ரெயினிங். இன்னிக்குதான் ஜாயினிங்."

"இன்னிக்கு சேர்ற பேட்ச்சா நீ? வா, நானே இட்டுனு போறேன்." சொல்லிவிட்டுக் கறையில் தலையைச் சரியாகப் பொருத்தித் தூங்கிப்போனார். முடிச்சூர் தாண்டுவதற்குள் பஸ் முழுக்கத் தூங்கியது. படப்பையில் ஏறியவர்கள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே அவரவர் சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பஸ் கேட்டைத் தாண்டித் தொழிற்சாலைக்குள் நின்ற பிறகுதான் நானும் கண் விழித்தேன். புதிதாகச் சேரும் பையன்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். அக்கா என்னை அதில் சேர்த்துவிட்டுப் போனார். ஹெச்.ஆர். அதிகாரி இளைஞர். சட்டையில் பெட்டி மடிப்பு இன்னும் போகவில்லை. பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார்.

"நீங்க யாரும்மா? உங்க பேர் வரலியே."

கல்லூரிக் கடிதத்தை நீட்டினேன். எல்லோருக்கும் ஒரே கடிதத்தைத்தான் கல்லூரியில் நகல் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் எந்தக் கம்பெனியின் பெயரும் இருக்காது.

"யார் ரெஃபரன்ஸ்?"

அங்கிளின் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு நொடி யோசித்தார். மேனேஜர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓ, சாரா! நல்லா இருக்காரா?" என்றார் ஹெச்.ஆர். அதிகாரி.

"நல்லா இருக்கார் சார். தினமும் வாக்கிங் போறார்."

"அதை மட்டும் விட மாட்டாரே! நேத்துகூட பேசினேன். பொண்ணு வருது, பார்த்துக்கோன்னார்."

மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் ஒருவர் பெயரைச் சொன்னால், அவரைத் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால், தெரியாது என்றவருக்குத்தான் மரியாதை குறையும்.

ஹெல்மெட் கொடுத்தார்கள். பயிற்சியாளர் எங்களை அழைத்துப்போய் இரும்புச் சட்டங்களைக் காட்டினார். பிறகு ஆள் படுக்கும் அளவுக்கு ஸ்பாஞ்சுகள். பிறகு வரிசையாகத் தையல் மெஷின்கள். எல்லாம் பேக்கிங் சாமான் என்று நினைத்துக்கொண்டேன். பிரேக் மட்டும் வரவில்லை. கேட்டேன்.

"சார், பிரேக் எப்போ?"

"பத்து மணிக்கும்மா."

"எப்படி செய்யறாங்கன்னு காட்டுவீங்களா சார்?"

"எதை? டீயையா?"

பின்னால் ஒருவன் கிசுகிசுத்தான். "மச்சான், வந்து அரை மணி நேரம் ஆகல, பிரேக் கேக்கறா பாரு. இவதான்டா நம்ம லீடர்."

பத்து மணிக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அக்கா தேடி வந்தார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"அக்கா, இங்க பிரேக் எங்க செய்யறாங்க?"

"எந்த பிரேக்கு?"

"வண்டி பிரேக்."

அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அது ரோட்டுக்கு அந்தாண்ட கீற கம்பெனி. இது சீட்டு கம்பெனி. கார் சீட்டு."

"அவங்களுக்கும் ப்ளூ டேக்தானே அக்கா?"

"அது இங்க் ப்ளூ. இது ஆனந்தா ப்ளூ. பொடவை கடைக்கே போனதில்லையா நீ?"

அங்கே இன்று சேராவிட்டால் கேம்பஸ் இன்டர்வியூவே போய்விடும். ஓடிப்போய் ரோட்டைக் கடக்கலாம் என்றால், கேட் பாஸ் இல்லாமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள் என்றார் அக்கா. "பேஜார் பண்ணிக்காத. நேரா போய் உண்மைய சொல்லு. இல்லாங்காட்டி மத்தியானம் சாப்ட்டு சொல்லு. இன்னிக்கு முட்டை."

முட்டை வரை காத்திருக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஹெச்.ஆர். அறைக்குப் போனேன்.

"சார், நான் எதிர் கம்பெனிக்குப் போகணும். பஸ் மாறி ஏறிட்டேன். ஒரு கேட் பாஸ் வேணும்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்ப உங்க அங்கிள்?"

"அவர் அங்கதான் சொல்லி வெச்சிருக்கார் சார்."

"அப்ப நான் நேத்து பேசினது?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தேன்.

"மேனேஜர் முன்னாடி சொல்லிட்டேனேம்மா."

"ஆமா சார்."

"நீ இப்ப கிளம்பினா அவர் கேப்பார்."

"கேப்பார் சார்."

அவர் ஃபேன் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "உனக்கு பிரேக்தான் வேணுமா? சீட்டுன்னா ஆகாதா?"

"எனக்கு நாலு வாரம் வேணும் சார். எதுவா இருந்தாலும் சரி."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன!"

உடனே கல்லூரிக்கு போன் செய்தார். "ஆமா மேடம், காலைலயே ஜாயின் பண்ணிட்டாங்க. தெரிஞ்சவர் வீட்டுப் பொண்ணுதான்." வைத்துவிட்டு என்னிடம் அங்கிளின் நம்பரைக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டார். தன் பெயரையும் வேலையையும் மட்டும் சொன்னார். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை.

"ஓ, நீங்களா!" என்றார் அங்கிள். "சொல்லுங்க, சொல்லுங்க. எங்க ஆளையே காணோம்?"

"வேலைதான் சார். அன்னிக்கு ஒரு ஃபங்ஷன்ல பார்த்தது."

"ஆமா ஆமா. சாப்பாடுகூட சுமார்."

"பொண்ணு வந்து சேர்ந்தாச்சு சார்."

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை?"

இரண்டு பேரும் மழை, டிராஃபிக், முழங்கால் வலி என்று நிதானமாகப் பேசினார்கள். நான் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். வைக்கும்போது, ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொன்னார் அங்கிள். கண்டிப்பாக வருவதாகச் சொன்னார் இவர்.

சாயங்காலம் அங்கிள் வாசலிலேயே நின்றிருந்தார். "பார்த்தியா? பேரைச் சொன்னதும் அவரே எனக்கு போன் பண்றார். தங்கமான மனுஷன். எத்தனை வருஷப் பழக்கம்!"

"ஆமா அங்கிள், உங்களைப் பத்தி ரொம்ப சொன்னார்" என்றேன்.

திங்கட்கிழமை முதல் என்னை ஸ்பாஞ்சு வெட்டும் பிரிவில் போட்டார்கள். நான் ஏன் வந்து சேரவில்லை என்று கேட்டு, அங்கிள் என் நம்பரைக் கொடுத்திருந்த பிரேக் கம்பெனியிலிருந்து அந்த நான்கு வாரமும் யாரும் கூப்பிடவில்லை.