கிரகணம் இல்லாத சூரியன்

வருஷம் பூராவும் ஈ ஓட்டிவிட்டு, கிரகணத்துக்கு முந்தின நாள் மட்டும் சாப்பிட நேரமில்லாமல் அல்லாடுகிற தொழில் எங்களுடையது. தி. நகரில் டெலஸ்கோப், பைனாகுலர் விற்கும் கடையில் நிற்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இது புரியும்: ஊருக்கெல்லாம் சூரியனைக் காட்டியாகிவிட்டது, என் மனைவி ராஜியோடு சேர்ந்து ஒரு தடவை பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

சுருக்கம்

சூரியனைப் பார்ப்பதென்றால் டெலஸ்கோப்பின் முன்வாயில், வெயில் நுழைகிற பக்கத்தில், வெள்ளி நிற ஃபிலிமை ஃபில்டராக மாட்ட வேண்டும். அது கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். இழுத்துக் கட்டக்கூடாது.

உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் அதை வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்தார். ஃபிலிம் ஓரமெல்லாம் உருகி, நடுவில் ஊசிமுனை ஓட்டைகள். இஸ்திரி போட்டிருக்கிறார். இதன் வழியாகப் பார்த்தால் கண் போய்விடும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்: "சுருக்கம் விழுந்த சரக்க கஸ்டமர் கையில குடுக்கலாமா தம்பி? எங்க கடையில சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாவ."

குட்டிக் குழாய்

கே.கே. நகர் பைக் மெக்கானிக் ஒருவர் பெரிய குழாய்க்கு ஃபில்டரைக் கச்சிதமாக மாட்டி, சுற்றி டேப்பும் ஒட்டிவிட்டார். குறி பார்க்க மேலே இருக்கும் குட்டிக் குழாயை மட்டும் மூட மறந்துவிட்டார். குட்டியானாலும் அது வெயிலைக் குவித்துப் பின்பக்கம் அனுப்பும். கண் தப்பியது அவர் செய்த புண்ணியம். "நா பாட்டுக்கு சூரியன பாத்துக்கினு கீறேன் சார், இன்னாடா பொக வாடைன்னு பாத்தா, என் சட்ட காலரு."

ராஜியின் நட்சத்திரம்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் கிரகணம் என்றால் ஊறுகாய் ஜாடி மேல்கூட தர்ப்பை ஏறிவிடும். ராஜிக்குப் பார்க்க ஆசை, கல்யாணமான வருஷத்திலிருந்தே. ஒரு தடவை அவள் நட்சத்திரத்துக்கு ஆகாது என்று பஞ்சாங்கம் சொன்னது. அடுத்த தடவை வயிற்றில் பெண். அதற்கடுத்தது மறுபடி நட்சத்திரம். அன்று அவள் நெற்றியில் தோஷத்துக்கான ஓலைப் பட்டம் கட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

நான் பெசன்ட் நகர் கடற்கரையில், ஜனங்கள் வரிசையில் வந்து கிரகணம் பார்க்க வைத்திருந்த கடை டெலஸ்கோப்புக்குக் காவல். யாராவது ஆர்வக்கோளாறில் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து குளித்ததும், எப்படி இருந்தது என்று கேட்டாள். வரிசையைத்தான் பார்த்தேன், சூரியனைப் பார்க்க முடியவில்லை என்றேன். எனக்கு அழுகை வராத குறை. அவள் சாதத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்போ ரெண்டு பேருமே பாக்கலே. சரியாப் போச்சு."

வெறும் செவ்வாய்க்கிழமை

கூட்டமே இல்லாத ஒரு நாள், நந்தனத்தில் காலேஜில் படிக்கும் பெண் வந்து சூரிய ஃபில்டர் கேட்டாள். எந்தக் கிரகணத்துக்கு என்றேன், வழக்கமாகக் கேட்கிற மாதிரி. சூரியனில் இருக்கும் கரும்புள்ளிகளைப் பார்த்து வரைய வேண்டுமாம். பில் போடுகிற என்னை விநோதமாகப் பார்த்தாள்: "கிரகணம் வந்தா சூரியன் மறைஞ்சிடும்ல சார், மறையாதப்பதானே நல்லா பாக்க முடியும்?"

மொட்டை மாடி

வெறும் சூரியனைப் பார்க்க எந்த நட்சத்திரத்துக்கும் தடையில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை இல்லையென்று பார்த்தேன். டேப் ஒட்டினேன். குட்டிக் குழாயைக் கழற்றியே வைத்துவிட்டேன். காற்று பலமாக இருந்ததால் ஃபில்டரைக் கையாலும் பிடித்துக்கொண்டு ராஜியைக் கூப்பிட்டேன்.

வெள்ளை வட்டத்தில் மிளகு மாதிரி ரெண்டு புள்ளிகள் தெரியும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் குனிந்தவள் நிமிரவே இல்லை. பின்னலிலிருந்து பிரிந்த நரைமுடி காற்றில் பறந்ததைக்கூடத் தள்ளிவிடவில்லை. இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "சேர்ந்து பாக்கணும், சேர்ந்து பாக்கணும்னேளே, இதுல ஒரு கண்ணுக்குத்தானே எடம் இருக்கு?"

இத்தனை வருஷம் டெலஸ்கோப் விற்றவனுக்கு அது தோன்றாமல் போனதால், இப்போது ஞாயிறுதோறும் எங்களில் ஒருவர் சூரியனைப் பார்க்க, மற்றவர் ஃபில்டரைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்கு ஏங்கி நிற்க வேண்டியிருக்கிறது.