சுமார் மார்க்குக்கு ஒரு காலேஜ் வேண்டும்

நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் காலேஜில் சேர்க்க யாருடைய யோசனையும் தேவையில்லை. மீதி இருக்கிறவர்களை நம்பித்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இன்டர், அதாவது இந்த ஊர் பிளஸ் டூ, ரிசல்ட் வந்த அன்றிலிருந்து காலேஜ் திறக்கும் வரை எங்கள் மாடிப்படியில் செருப்பு விட இடமிருக்காது. எந்தப் படிப்பு, எந்தக் காலேஜ், ஆன்லைன் கவுன்சிலிங்கில் எதை முதலில் போடுவது என்று சொல்வது என் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பாஸ்கரின் வேலை. பாஸ்கர் தெலுங்குக்காரர், என்னோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். நான் புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அதனால் எல்லைப் பக்கத்துத் தமிழர்களெல்லாம் என் மேஜைக்குத்தான் வருவார்கள். தெலுங்கில் ஆரம்பித்து, இங்கிலீஷில் பெருமையடித்து, மார்க்கைச் சொல்லும்போது மட்டும் தமிழுக்கு இறங்குவார்கள்.

உங்கள் வீட்டிலும் அறுபது பர்சன்ட் பிள்ளை ஒன்று இருக்கிறதா? அப்படியென்றால் நாமெல்லாம் ஒரே கட்சி. உட்காருங்கள், சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் மேல உசுரு

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அந்தப் பெண்ணிடம் பேர் கேட்டேன். அவர் சொன்னார். என்ன குரூப் என்று கேட்டேன். அதையும் அவர்தான் சொன்னார். தண்ணி வேணுமாம்மா என்றதற்குக்கூட, "வேணா மேடம், இப்பத்தான் குடிச்சா" என்று அவரே முடித்துவிட்டார். கடைசியில் அவளை மட்டும் பார்த்து, உனக்கு என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் சயின்ஸ் மேடம். சின்ன வயசுலேர்ந்து அதும்மேல உசுரு" என்றார் அப்பா.

ஆதார் ஜெராக்ஸ் இன்னொன்று வேண்டும் என்று பொய் சொல்லி அவரைக் கீழே அனுப்பினேன். செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். வீட்டில் இரண்டு எருமைகள். தீனி, பால், காய்ச்சல், கன்று போடுவது எல்லாவற்றையும் அவள்தான் பார்க்கிறாள். பால் கெடாமல் வைக்கிற மிஷினை ஒரு டெய்ரியில் பார்த்ததிலிருந்து அந்த வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதற்கென்றே டிகிரி இருக்கிறது, உன் மார்க்குக்குக் கிடைக்கும் என்றதும் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அப்பா மேலே வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். வாங்கி வந்த ஜெராக்ஸால் விசிறிக்கொண்டார். கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது வேறு கவலை. "எருமை படிப்பு படிக்குதுன்னு சொந்தக்காரங்ககிட்ட எப்டி மேடம் சொல்றது?" என்று கேட்டார். முதல்முறையாக அவர் எதிரிலேயே பெண் பேசினாள்.

"டெய்ரி டெக்னாலஜின்னு சொல்லு நைனா. யாருக்கும் புரியாது."

ரிவர்ஸ்

பிச்சாட்டூரிலிருந்து வந்த அம்மா ஒருவருக்குப் பையனின் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அதே தெருவில் இருக்கிற ஓர்ப்படியின் மகன் எந்தக் காலேஜில் சேர்ந்தானோ, அதைவிட ஒரு படி உயர்ந்த இடம் வேண்டும், அவ்வளவுதான். உயர்ந்த இடமென்றால் எதில், லேபா, வாத்தியாரா, வேலை கிடைப்பதா என்று விசாரித்தேன். பையன் காதில் இயர்போனோடு ஜன்னல் வழியே ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது தன்னைப் பற்றிய பேச்சு என்பதே அவனுக்குத் தெரியாது போலிருந்தது. அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

"படிப்பு எப்டியோ இருக்கட்டும் மேடம், பஸ் பெருசா இருக்கணும். எங்க தெருவுல திரும்பறதுக்கு ரெண்டு தபா ரிவர்ஸ் எடுக்கணும், அவ வெளிய வந்து பாக்கணும்."

சிபாரிசு

சித்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மலைமேல் தரிசனத்துக்குச் சிபாரிசு லெட்டர் வாங்கித் தருவதில் அவர் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லையாம், அவரே சொன்னார். பையனுடைய ரேங்க் மிக நீளமான எண். ஆனால் அவர் கேட்டதோ, பெரிய யூனிவர்சிட்டியில் முதல் இடத்தில் இருக்கிற படிப்பு. அந்த ரேங்குக்கு அது வராது சார், நாலு சின்னக் காலேஜும் சேர்த்துப் போடுவோம் என்று பாஸ்கர் பொறுமையாகச் சொன்னார். மனிதர் சிரித்தார். பைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு லெட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெரிய இடத்துக் கையெழுத்து, பச்சை மை. சீட் ஒதுக்குவது மனிதர்கள் இல்லை, மிஷின்தான் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "மேடம், லெட்டரு வெச்சா எந்தக் கதவும் தொறக்கும்" என்றார்.

பாஸ்கர் எழுந்தார். லெட்டரை இரண்டு கையாலும் பயபக்தியோடு எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை முன்பக்கம் பார்த்தார், பிறகு குனிந்து பின்பக்கம் பார்த்தார்.

"இத எந்த ஓட்டையில சொருகணும் சார்?"

சாம்பார்

எந்தக் காலேஜையும் விளம்பரத் தாளில் பார்த்து நம்பாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்வேன். அதில் போட்டிருக்கும் மரம், குளம், சிரிக்கிற பிள்ளைகள் எல்லாம் வேறு எந்த ஊரிலாவது இருக்கும். குப்பத்தைத் தாண்டிக் குடுபல்லியிலிருந்து வந்த முனிரத்தினம் என் பேச்சைத் தட்டாமல் மகனோடு போய்ப் பார்த்தார். தக்காளி பயிர் செய்கிறவர், ஏழு மலையையும் ஏறி இறங்கியவர் மாதிரி வேர்த்து வந்து உட்கார்ந்தார்.

"மேடம், அதுலயே சேத்துடுங்க. இன்னா சாம்பார்! பருப்பு தனியா தெரியுது. நம்ம தக்காளிதான் போட்டு கீறாங்க, நாக்குல வெச்சதும் கண்டுபுட்ச்சிட்டேன். கேக்கக் கேக்க ஊத்தறாங்க. துன்னுட்டு எழுந்திரிக்கவே முடியல" என்றார். வாத்தியார்கள் எப்படி என்றேன். நல்ல மாதிரி, வந்தவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள் என்றார். லைப்ரரி? மெஸ்ஸுக்கு எதிரில்தான். லேப்? அதற்கு மட்டும் அவர் மகன் பக்கம் திரும்பினார். மகன்தான் சொன்னான்.

"லேப்ப நான் போய்ப் பாத்தேன் மேடம், பூட்டிக் கெடந்துச்சு. நைனா அப்ப ரெண்டாவது சாப்பாடு துன்னுக்கினு இருந்தாரு."

கூடப் பொறந்தது

சத்தியவேட்டிலிருந்து வந்த வளர்மதி, ஸ்ரீசிட்டியில் செல்போன் சாமான் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கும்மிடிப்பூண்டியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். இரட்டைப் பெண்கள். திவ்யா நல்ல ரேங்க், ரம்யா நம்ம கட்சி. இரண்டு பேரும் ஒரே காலேஜில் சேர வேண்டும் என்பது அம்மாவின் கண்டிஷன். ஒருத்திக்கு ஒருத்தி துணை, ஒரே ஹாஸ்டல், அம்மாவுக்கும் ஒரே இடத்துக் கவலை. திவ்யா உடனே சரி என்றுவிட்டாள். தனக்குக் கிடைக்கக்கூடிய பெரிய காலேஜை விட்டுவிட்டு, தங்கைக்கும் இடம் கிடைக்கும் ஒரு சின்னக் காலேஜை முதலில் போடச் சொன்னாள். எனக்கே கண் கலங்கியது. ரம்யா தன் மார்க் ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். எல்லோரும் அவளைப் பார்த்து நன்றி சொல் என்பதுபோலச் சிரித்தோம்.

மறுநாள் காலையில் ரம்யா தனியாக வந்து நின்றாள். தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாள். அழவில்லை, ரொம்ப நேரம் யோசித்து வைத்ததைச் சொல்கிறவள் மாதிரி பேசினாள்.

"ஸ்கூல்ல என் பேரு ரம்யா இல்ல மேடம். திவ்யா கூடப் பொறந்தது. இப்ப அவ எனக்காக எறங்கி வரா. நாலு வருசமும் நான் அத்த தூக்கிக்கினு திரியணும். என்ன வேற எங்கியாவது போடுங்க."

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க வேண்டும் என்றாள். அதற்கு இந்தத் திருப்பதியை விட்டால் வேறு ஊர் ஏது? வளர்மதிக்கு போன் போட்டேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிபார்மோடு ஓடிவந்தார். பெண் பொய் சொல்லிவிட்டு வந்த கோபம் ஒரு பக்கம், ஹோட்டல் என்று கேட்ட அதிர்ச்சி ஒரு பக்கம். "தட்டு எடுக்கறதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?" என்றார். இது தட்டு எடுக்கிற படிப்பில்லை, ஹோட்டலையே நடத்துகிற படிப்பு என்றேன், காதில் ஏறவில்லை. பிறகு குரல் இறங்கி மகளைக் கேட்டார்.

"அவ கூட இருந்தா உனக்கு இன்னாடி கஷ்டம்?"

"ஒண்ணும் இல்லம்மா. ரொம்ப நல்லவ. அதான் கஷ்டம்."

வளர்மதி அவ்வளவு நேரம் போட்டிருந்த கம்பெனித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் பாஸ்கரைப் பார்த்து, "மாத்திடுங்க சார்" என்றார். திவ்யா அவள் ரேங்குக்கு ஏற்ற காலேஜுக்குப் போனாள். ரம்யா இங்கே சேர்ந்தாள்.

காலேஜ் திறந்து கொஞ்ச நாள் கழித்து வளர்மதி போன் செய்தார். ஏதோ தப்பாகிவிட்டது, சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானே முதலில் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கே வந்தார்.

"அது இல்ல மேடம். ரம்யா தெனம் போன் பண்றா, வெக்கவே மாட்டேங்கறா. பொறந்ததுலேர்ந்து ஒரே வூட்ல இருந்தும் இவளுக்கு இவ்ளோ பேச வரும்னு எனக்குத் தெரியாம போச்சே."

ஒவ்வொரு வருஷமும் சீசன் முடிந்து பார்த்தால், பிள்ளைகள் எங்கேயோ ஓர் இடத்தில் சேர்ந்து ஒரு வழியாகப் பாஸாகிவிடுகிறார்கள்; அரியர் வைப்பதெல்லாம் அப்பா அம்மாக்கள்தான்.