டெஸ்மன்ட் பார்த்த கால்வாய்கள்

டெஸ்மன்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. மெல்பேர்னின் மல்கிரேவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதைத் தவிரத் தன்னிடம் வேறு குறையில்லை என்று சொல்லுவார், மனைவி அருள்நாயகி பக்கத்தில் இல்லாத சமயங்களில்.

2007ஆம் ஆண்டு நண்பர் விக்னராஜா லண்டன் போய் வந்து எண்பது படம் காட்டினார். எல்லாவற்றிலும் உறவினர்கள் வரிசையாகக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய், நீ லண்டனுக்குப் போனனியோ, தளபாடக் கடைக்குப் போனனியோ?" என்றார் டெஸ்மன்ட். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாங்கள் செப்ரெம்பரில ஆம்ஸ்டர்டாம் போறம். நாலு நாளும் சைக்கிளில கால்வாய் கால்வாயாச் சுத்துவம். ஒரு சொந்தக்காரன்ர வீட்டு மணியும் அடிக்கமாட்டன்."

"பாப்பம்," என்றார் விக்னராஜா. "படத்தோட வா."

ஆம்ஸ்டர்டாமில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் கைப்பிரேக் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். கடைக்காரன் சொன்னபோது எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டிய டெஸ்மன்ட், முதல் பாலத்தின் இறக்கத்தில் இரண்டு கைகளாலும் காற்றைப் பிசைந்துகொண்டு போய், கால்வாய்க் கரையில் பூட்டிக் கிடந்த சைக்கிள் குவியலில் விழுந்தார். தூக்கிவிட்டவன் தமிழன்.

"பாத்து அண்ணை! நீங்கள் மன்னார் டெஸ்மன்ட் அண்ணை எல்லே? நான் சிறிதரன். உங்கட சின்னம்மான்ர மருமகன்."

சிறிதரன் அன்றே வீட்டுக்குக் கூட்டிப்போனான்; சேதி மற்றச் சொந்தக்காரருக்கும் பரவியது. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டை விட்டுப் போனால் அந்தக் கோபம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். ஆகவே நாலு நாளில் ஏழு வீடு. சைக்கிள் ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாட்டுக்குப் போகும் வாகனமாயிற்று. பாலம் வரும்போதெல்லாம் டெஸ்மன்ட் வயிற்றுப் புட்டோடு இறங்கி உருட்டினார். அருள்நாயகி மிதித்துக்கொண்டு முன்னால் போனார். ஓடும்போது கைப்பிடியை விடப் பயம் என்பதால் கமெரா வீடுகளுக்குள் மட்டுமே வெளியே வந்தது.

மெல்பேர்ன் திரும்பியதும், ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வருவதாக விக்னராஜாவிடமிருந்து தொலைபேசி. டெஸ்மன்ட் கமெராவைத் திறந்தார். அறுபத்திரண்டு படம். கதிரை, கதிரை, கதிரை. இதைக் காட்டினால் இனி அவன் முன்னால் வாய் திறக்க முடியாது.

இன்ரநெற்றில் பன்னிரண்டு கால்வாய்ப் படங்கள் எடுத்தார். அதிலும் கவனமாக, கரையெல்லாம் துலிப் பூத்த படங்களாகவே பொறுக்கினார். செப்ரெம்பர் என்றால் பூக்காலம்தானே? இருபத்திரண்டு வருட மெல்பேர்ன் வாசிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது படத்தில் விக்னராஜா கண்ணாடியைச் சரிசெய்தார்.

"மச்சான், நீ செப்ரெம்பரில எல்லே போனனி?"

"ஓம்."

"இங்க பூக்காலமெண்டால் அங்க இலை கொட்டுற காலம். இது உன்னைக் கண்டு பூத்ததோ?"

டெஸ்மன்ட் குசினிப் பக்கம் பார்த்தார். தேத்தண்ணியோடு வந்த அருள்நாயகி, "உது இவர் இன்ரநெற்றில பிடிச்சது. எங்கட படம் இஞ்ச கிடக்கு," என்று கமெராவை நீட்டினார்.

டெஸ்மன்ட் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். எதிர்பார்த்த கேலிச் சிரிப்பு வரவில்லை. விக்னராஜா அறுபத்திரண்டையும் ஆற அமரப் பார்த்தார்.

"இவ்வளவு சனமோ அங்க? வாற வருசம் நாங்களும் அந்தப் பக்கம் போறம். போனால் இறங்க ஒரு வீடு வேணுமெல்லே. வழியைச் சொல்லு."

டெஸ்மன்ட் ஒரு கடித உறையைத் திருப்பிப் போட்டு வழிப்படம் கீறத் தொடங்கினார். ஸ்டேசன். அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்த கால்வாய்கள். முன்பக்கம் சரிந்து நிற்கும் ஒடுங்கிய வீடுகள். ட்ராம் தண்டவாளத்தில் சைக்கிள் சில்லு மாட்டும் சந்தி. எந்தப் பாலத்தில் இறங்கி உருட்டவேண்டும், எதில் மூச்சுவாங்க இருக்கலாம். பேனை நிற்கவேயில்லை. இவ்வளவையும் எப்போது பார்த்தோம் என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

"பார், இந்தக் கால்வாய் எல்லாம் நானூறு வருசத்துக்கு முந்தி..." என்று குரலை உயர்த்தினார்.

விக்னராஜா பேனையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது கிடக்கட்டும். படத்தில கண்ட நண்டுக்கறி எந்த வீட்டில?"

கடைசிக் கால்வாய்க்கு வெளியே, இடப்பக்கமாக, டெஸ்மன்ட் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டார்.