சரியாகச் சொன்ன கணினி

தங்கைக்கு ஒரு சாயக் கம்பெனியில் வேலை. ஒரு ரசாயனத்தின் அமைப்பை அவள் கணினியில் கொடுத்தால், தெரிந்த ரசாயனங்களோடு ஒப்பிட்டு, அது தோலில் அலர்ஜி உண்டாக்குமா என்று கணித்துச் சொல்லும். புதிய தலைச்சாயம் ஒன்றுக்கு “உண்டாக்கும்” என்றது. அவள் மேலாளரிடம் ஓடினாள்.

“கம்ப்யூட்டர் ஜோசியத்த நம்பி சரக்க நிறுத்தச் சொல்றியாம்மா?” என்று அவர் சிரித்தார். சாயம் கடைக்குப் போனது.

அக்கா அழகு நிலையத்தில் முடிக்குச் சாயம் பூசுகிறவள். “அதைத் தொடாதக்கா” என்று தங்கை கெஞ்சினாள்.

“முதலாளியம்மா வாங்கி வைக்கிறதத்தானே பூச முடியும்? கையுறை போட்டுக்கறேன், விடு.”

கையுறையும் காப்பாற்றவில்லை. விரல்கள் சிவந்து, வெடித்து, நீர் வடிந்தது. இனி ஆயுசுக்கும் சாயத்தைத் தொடக்கூடாது என்றார் தோல் மருத்துவர். வேலை போயிற்று.

புகார்கள் குவிந்ததும் கம்பெனி சாயத்தைத் திரும்பப் பெற்றது. மேலாளர் எல்லோரையும் கூட்டி, “நம்ம கம்ப்யூட்டர் அப்பவே சொல்லிடுச்சு பாருங்க!” என்று பெருமைப்பட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லித் தங்கை அழுதாள்.

“நானும் தட்டியிருப்பேன்டி,” என்றாள் அக்கா, கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தபடி. “கைதான் வரமாட்டேங்குது.”

மறுநாளும் தங்கை அதே வேலைக்குத்தான் போனாள். வீட்டில் சம்பாதிக்கிறவள் இப்போது அவள் ஒருத்திதான்.