பச்சைக்குச்சியும் பழுப்புக்குச்சியும்

ரப்பர் விலை சரிந்து, தோட்டத்துரை புல் வெட்டும் ஆட்களைப் பாதியாகக் குறைத்துவிட்ட வருடங்களில்தான் எனக்குப் பூச்சிப் பித்துப் பிடித்தது. எங்கள் தோட்டம் ஜொகூரில், சிம்பாங் ரெங்கத்திலிருந்து மண்பாதையில் வெகுதூரம் உள்ளே இருந்தது. என் கணவர் அங்கே ஆஸ்பத்திரி டிரசர், புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. காலையில் சமையலை முடித்துவிட்டால் மாலை வரை எனக்கு ஒரு வேலையும் கிடையாது.

ஒருநாள் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் சின்ன அறிவிப்பு ஒன்றைப் பார்த்தேன். அங்கேயுள்ள மியூசியத்தில் பூச்சிகளுக்குப் பொறுப்பான அதிகாரி, வெளியூர்க்காரர்கள் தங்கள் பக்கத்துப் பூச்சிகளை அனுப்பி உதவவேண்டும் என்று கேட்டிருந்தார். பிடித்த இடத்தையும் நாளையும் கூடவே எழுத வேண்டும். இடம் தெரியாத பூச்சியால் பயனில்லை என்று முடித்திருந்தார். மிஷன் பள்ளியில் படித்த என் இங்கிலீஷுக்கு அதுவரை தோட்டத்தில் ஒரு வேலையும் இருக்கவில்லை. அன்றைக்கே என் கணவரிடம் வாயகன்ற மருந்துப் போத்தல்கள் நாலு கேட்டு வாங்கினேன்.

புல் வெட்டாமல் விட்ட ரப்பர்க் காடுகளில் செடியும் கொடியும் இடுப்பளவுக்கு ஏறிவிட்டிருந்தன. துரைக்கு அது கவலை. எனக்கோ ஒவ்வொரு நாளும் திருவிழா. வண்டு, தும்பி, வெட்டுக்கிளி என்று கண்டதையெல்லாம் பிடித்தேன். சைவ வீட்டில் வளர்ந்தவள். முதல் வண்டை ஸ்பிரிட்டில் போட்ட அன்று சோறு இறங்கவில்லை. இரண்டாவது வாரத்தில் அது பழகிவிட்டது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பாதையோரம் புல் வெட்டும் பெண் ஒருத்தி, என் வயதுதான், கையில் வெட்டுப்பட்டு மருந்து கட்ட வந்தவள், ஆஸ்பத்திரியை ஒட்டிய எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்த போத்தல்களைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இதெல்லாம் எதுக்குங்க டிரசரம்மா?"

"பேர் வைக்கத்தான். இதுகளில கனக்கப் பூச்சியளுக்கு இன்னும் பேரில்லை."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் சேம்பிலையில் எதையோ பொதிந்து கொண்டுவந்தாள். "குச்சின்னு நெனச்சு ஓரமா எறிஞ்சேங்க. திரும்பி நடந்து வந்துச்சு."

பிரித்துப் பார்த்தேன். ஒரு சாண் நீளம், என் கட்டைவிரல் பருமன், பாசி படிந்த பச்சை. முதுகெல்லாம் சின்னச் சின்ன முள். இறக்கை இல்லை. இலைமேல் அசையாமல் கிடந்தது. தொட்டதும் பின்னங்கால்களைத் தூக்கிச் சண்டைக்கு நின்றது. அது குச்சிப் பூச்சி. ஆனால் அப்படியொன்றை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

சில நாள் கழித்துக் கொடியில் காயப்போட்ட வேட்டியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இது பழுப்பு நிறம், ஈர்க்கைப்போல மெலிசு, பச்சையில் பாதி நீளம். விரலால் தட்டியதும் ரோசாப்பூ நிற இறக்கை விரிந்தது. இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன்.

பதில் வந்தபோது வீட்டுக்குள் போகவும் பொறுமையில்லாமல் வாசலிலேயே பிரித்தேன். இரண்டும் மியூசியத்தில் இல்லை, அவரிடம் உள்ள நூல்களிலும் இல்லை, இரண்டு புதிய இனங்களாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். மூன்று தரம் வாசித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் கணவர் யாருக்கோ புண் கழுவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, ரெண்டும் புதுசாம்."

"என்ன புதுசு?"

"பூச்சி. உலகத்தில ஒருத்தரும் எழுதி வைக்காத பூச்சி."

"முதல்ல மூச்சை விடும்," என்றார். ஆனால் கடிதத்தை வாங்கி அவரும் இரண்டு தரம் வாசித்தார்.

அவை இன்னும் எங்கெங்கே இருக்கின்றன என்று அதிகாரி கேட்டிருந்தார். ஒரு கொப்பியை எடுத்து ஒரு பக்கத்தில் பச்சை, எதிர்ப்பக்கத்தில் பழுப்பு என்று தலைப்புப் போட்டேன். புல் வெட்டும் பெண் வேலை முடிந்து வரும்போது எந்தக் காட்டில் எதைப் பார்த்தாள் என்று சொல்லுவாள், நான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுபேரும் ஆற்றங்கரை வரை போய்த் தேடுவோம். தங்காக்கில் இருந்த என் தமக்கைக்கும் எழுதினேன். அவளுடைய புருஷன் அங்கே அரசாங்க கிளார்க். என் எழுத்தைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். என்றாலும் மலையடிவாரத்துக் கொய்யா மரத்திலிருந்து பச்சை ஒன்றும் பழுப்பு இரண்டும் பிஸ்கட் டின்னில் அனுப்பிவைத்தாள். ஜொகூர் பாருவுக்குக் கோயிலுக்குப் போன சமயம் அர்ச்சனைத் தட்டோடு அங்கிருந்த கொய்யா மரங்களையெல்லாம் அண்ணாந்து பார்த்து வந்தேன். இரண்டும் கிடைக்கவில்லை. அதையும் எழுதினேன்.

ஒரு மத்தியானம் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஆற்றோரத்து மேட்டுக்காடு, பழைய நர்சரி, மலாய்க்காரர் கம்பத்துப் பாதை, தங்காக் கொய்யா என்று இடது பக்கத்தில் இருந்த இடங்கள் அத்தனையும் வலது பக்கத்திலும் இருந்தன. சதுப்புநிலத்துப் பக்கம் பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. இரண்டும் வேறுவேறு இனம்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நேரே கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். டிரசர் பெண்சாதி லயத்துக்கு வருவது வழக்கமில்லை. புல் வெட்டும் பெண் அரிசி களைந்த கையோடு பதறி எழுந்தாள்.

"பச்சையையும் பழுப்பையும் ஒரே இடத்தில கண்டனீரோ?"

"ஒரே எடத்துலயா? ஒண்ணு முதுகுல ஒண்ணு ஏறிக்கிட்டு இருக்கும்மா. பச்சை பொம்பள, பழுப்பு ஆம்பள. உங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தேன்."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"அதப் போயி உங்ககிட்ட எப்புடிம்மா சொல்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றே அதிகாரிக்கு எழுதினேன். இரண்டும் ஓரினம், பச்சை பெண், பழுப்பு ஆண் என்று. அவர் மரியாதையாக மறுத்தார். ஒரே செடியைத் தின்பதாலும் ஒரே இடத்தில் வசிப்பதாலும் இரண்டும் ஒன்றாகிவிடாது. பூனையும் எலியும்கூட ஒரே வீட்டில்தான் இருக்கின்றன என்றார். கூலிப்பெண் கண்டதாகச் சொல்வதை அச்சில் போட முடியாது என்றும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கடைசி வரியில், முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

வளர்த்தேன். பச்சை ஒன்றை வலையடித்த பழைய பால் டின் பெட்டியில் வைத்து, அடியில் ஈரமணல் பரப்பினேன். அது வாலை மணலுக்குள் ஊன்றி ஊன்றி முட்டையிட்டது. எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டி வைத்த மேசையின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர்ச் சிரட்டை வைத்தேன். நாள்தோறும் கையால் தண்ணீர் தெளித்தேன். மாதங்கள் போயின. "மணலுக்குத் தண்ணி ஊத்துறீர்," என்று என் கணவர் கேலி செய்தார். ஏழாவது மாதம் ஒரு காலையில் மணலின்மேல் நூல்போல ஒன்று நடந்தது. ஒரு வாரத்துக்குள் பதினொன்று. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. புல் வெட்டும் பெண் தினமும் கொய்யாக் கொழுந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எது ஆம்பளைன்னு தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஆறு செத்துப்போயின. மிஞ்சிய ஐந்தும் தோல் உரித்து உரித்து வளர்ந்தன. மூன்று பச்சை ஏறித் தடித்துக்கொண்டே வந்தன. இரண்டு மெலிசாகவே நின்றன; முதுகில் சின்ன மடிப்பு ஒன்று தெரிந்தது.

ஒரு காலை விடிந்து வெளிச்சம் வந்தபின் பெட்டியை எட்டிப் பார்த்தேன். மெலிசுகளில் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழைய தோலிலிருந்து மெல்ல வெளியே இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம்போடாமல் கணவரை இழுத்து வந்தேன். வேலைக்குப் போகும் வழியில் கொழுந்தோடு வந்த அவளையும் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். மூன்றுபேரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். கசங்கிய துணி விரிவதுபோல ரோசா நிற இறக்கை விரிந்தது. பக்கத்துக் கிளையில் அதே தாயின் முட்டையில் பொரிந்த பச்சை, இறக்கையில்லாமல் இலை தின்றுகொண்டிருந்தது.

"எழுதுங்கம்மா அந்தச் சிங்கப்பூரு தொரைக்கு," என்றாள் அவள். என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் தாண்டியும் மேசையருகிலேயே நின்றார்.

ஐந்தையும் உயிரோடு அனுப்பினேன், உரித்த தோல்களோடு. அதிகாரியின் பதில் ஒரே பக்கம்தான். நான் சொன்னது சரி, தான் சொன்னது பிழை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். இரண்டு புதிய இனம் ஒன்றாகக் குறைந்துவிட்டதே என்று வருந்தவேண்டாம் என்றார். நான் எங்கே வருந்தினேன்? வீட்டுக்குள்ளும் வெளியிலும் நடந்துகொண்டே இருந்தேன், உட்கார முடியவில்லை.

கடிதத்தோடு அவர் கையால் வரைந்த ஜொகூர்ப் படம் ஒன்றும் இருந்தது. என் கொப்பியில் இருந்த இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். மேற்கிலும் நடுவிலும் புள்ளிகள். கிழக்குப் பாதி முழுக்க வெறும் வெள்ளை. அங்கே பூச்சி இல்லை என்று அர்த்தமில்லை, இதுவரை யாரும் தேடவில்லை என்றுதான் அர்த்தம் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

படத்தை என் கணவர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இந்தக் கிழக்குப் பக்கம், கோத்தா திங்கி ஆஸ்பத்திரியில என்ர கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். லீவு கேக்கட்டோ?" என்றார்.

நான் அதற்குள் பிஸ்கட் டின் மூடியில் ஆணியால் துளை போடத் தொடங்கியிருந்தேன்.