குணா அண்ணன் எடுத்த காவடி

அன்று காலை ஒன்பதரை மணி இருக்கும். ஒரு பெரியவர் கொண்டுவந்த நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் பதினெட்டைத் தாண்டிக் காட்டியது. இன்னும் ஒரு வெயில் காயட்டும் என்று சொல்ல வாயெடுத்தபோது, மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த செல்வராசு போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தான்.

"பாலு, குணா அண்ணன் குளிக்கப்போன எடத்துல விழுந்துட்டாராம்டா. தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போறாங்களாம்."

செல்வராசு லாரி நிறைய மூட்டை ஏற்றிவிட்டும் சிரித்துக்கொண்டே டீ குடிக்கிறவன். அன்று அந்த இருபதடி ஓடி வந்ததற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. நெல்லுக்காரப் பெரியவர், "நீங்க கெளம்புங்க தம்பி, நெல்லு எங்க போயிடப்போவுது" என்றார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குணசேகரனை உங்களில் பலருக்குத் தெரியும். திருவையாற்றுப் பக்கம் எங்கள் நெல் கொள்முதல் நிலையத்தில் ஆறு வருஷம் பட்டியல் எழுதியவர். வயது நாற்பத்து நான்கு. காத்துக் கிடக்கிற விவசாயியைக் கடிந்து பேசாதவர், மழை வந்தால் முதல் ஆளாகத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் என்றெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள், எல்லாம் உண்மை. நான் அவரோடு செல்போனில் கேம் விளையாடியவன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர் மனைவி மலர்க்கொடி அண்ணியிடம் நான் ஒரு மாதம் மறைத்துவைத்த விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா அண்ணியிடம் கேட்டார்: "ரெண்டு மூணு மாசமா இடது தோள், கை, தாடை, எங்கயாவது வலிக்குதுன்னு சொன்னாராம்மா?"

"இல்லீங்களே. நல்லாத்தானேங்க இருந்தாரு" என்றார் அண்ணி. பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "காலையில நான்தான் அவரைத் திட்டுனேன். நான்தான் திட்டுனேன்."

நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். டாக்டரம்மா சொன்ன தோள், கை, தாடை மூன்றையும் நான் பார்த்திருந்தேன். அதற்குப் பெயர்கூட வைத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எங்கள் நிலையத்தில் சாக்கு வராவிட்டால் வேலை நின்றுவிடும். லாரி வராவிட்டாலும் அப்படித்தான். அந்த மாதிரி மதியங்களில் நாங்கள் மூன்று பேரும் சாக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து விளையாடுவோம். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, மற்ற அணிகளைச் சுட்டு, கடைசிவரை நிற்பவர் ஜெயிக்கிற விளையாட்டு. எங்கள் அணியில் ஒழுங்கான ஆள் ஒருவரும் கிடையாது. செல்வராசு, போன் கண்ணாடியை எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ அவ்வளவு பலமாகக் குண்டு பாயும் என்று நம்புகிறவன். அவன் போனில் மூன்று தடவை கண்ணாடி மாற்றியாகிவிட்டது. நான் நாக்கைத் துருத்திக்கொண்டு விளையாடுவேன், தோற்றால் ஊரையே திட்டுவேன்.

குணா அண்ணன் எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். முதலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைப்பார். கைக்கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போடுவார். பாராசூட்டில் இறங்கத் தொடங்கியதும் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்வார், விளையாட்டுக்குள் அவருடைய ஆள் தரையைத் தொட்ட பிறகுதான் இவரும் காலை ஊன்றுவார். ஒருநாள் ரசீது கேட்டு வந்த ஒருவர், காலை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "என்னா சார், யோகாவா?" என்றார். "இரு ராசா, எறங்கிட்டு வரேன்" என்றார் அண்ணன். ஜீப் ஓட்டினால் வளைவுக்கு வளைவு உடம்பையும் சாய்ப்பார். அப்படிச் சாய்ந்து சாக்குக் கட்டிலிருந்து செல்வராசு மேல் விழுந்து, இரண்டு பேரும் அடுத்தடுத்துச் செத்த ஆட்டமும் உண்டு.

எதிரி வந்தாலும் மரியாதைதான். "வாங்க, வாங்க. ஏன் செவுத்துக்குப் பின்னாடி நிக்கிறீங்க? வரிசையில வாங்க" என்பார், பட்டியல் போடுகிற அதே குரலில். வேண்டுமென்றே செய்ததில்லை, ஆறு வருஷம் சொல்லிச் சொல்லி நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

அந்த விளையாட்டில் ஓர் இடத்தில் விளைந்த வயல் ஒன்று வரும். விளையாடுகிற எல்லோரும் அதில் படுத்துத்தான் ஒளிவார்கள். அண்ணன் கால் வைக்க மாட்டார். வரப்போடு சுற்றிக்கொண்டுதான் ஓடுவார், பின்னாலிருந்து எதிரி சடசடவென்று சுட்டுக்கொண்டிருப்பான்.

"அண்ணே, வயல்ல எறங்கிப் படுங்கண்ணே!" என்று நான் கத்துவேன்.

"அறுப்புக்கு நிக்கிற பயிருடா பாலு. அதுல விழுந்து பொரளச் சொல்றியா?"

"ஐயோ, அது பொம்மப் பயிருண்ணே!"

"எதுவா இருந்தா என்னா. எனக்கு மனசு வரல."

அதற்குள் செத்திருப்பார். அதனால் நாங்கள் தோற்ற ஆட்டங்களுக்கு அளவே இல்லை. அவரைத் திட்டி நான் போனை வீசியிருக்கிறேன், சாக்கு மேல்தான், இருந்தாலும் வீசியிருக்கிறேன். அவர் அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்து, "கோவம் போச்சா? அடுத்தது போடு" என்பார்.

தை கடைசியில் அவரிடம் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், நாலைந்து பேர்தான் மிச்சம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிற நேரத்தில், போனை மடியில் போட்டுவிடுவார். வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, விரல்களை உதறுவார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத் தாடையைத் தேய்த்துக்கொள்வார். நெற்றி வேர்த்திருக்கும். பார்ப்பதற்குத் தோளில் காவடி வைத்து ஆடுகிற மாதிரியே இருக்கும். "அண்ணன் காவடி எடுத்துட்டாருடோய்!" என்று முதலில் கத்தியது நான்தான்.

அன்று ஜெயித்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுத்தார், அன்றும் ஜெயித்தோம். அவ்வளவுதான், அது எங்களுக்குச் சகுனமாகிவிட்டது. கடைசிக் கட்டம் வந்தால் நானும் செல்வராசும் "காவடி, காவடி" என்று தாளம் போடுவோம். அவரும் சிரித்துக்கொண்டே தோளைப் பிடிப்பார். கடைசிக் கட்டம்வரை போன ஆட்டத்தில்தான் ஜெயிக்க முடியும், அந்தப் படபடப்பில்தான் அவருக்கு வலியும் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததை வைத்து, வலியை நாங்கள் ராசி என்று எடுத்துக்கொண்டோம். நானும் செல்வராசும் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தால் என்ன குறை என்று சொல்லிவிடுகிறவர்கள். கூட இருக்கிற மனுஷனைப் பார்க்கத் தெரியவில்லை.

மாசியில் ஒருநாள் அதை வீடியோ எடுத்தேன். பின்னால் நையாண்டி மேளம் சேர்த்து நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உங்களில் எத்தனையோ பேர் சிரித்து, அடுத்தவருக்கு அனுப்பினீர்கள். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு மேளம் கேட்டது, நான் நேரில் அந்த வேர்வையைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவது என்றுதான் வண்டியை எடுப்பேன். அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அன்று காலை குளிக்காமல் கொள்ளாமல் போனும் கையுமாக இருந்தவரிடமிருந்து அதைப் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டி, "இதையே கட்டிக்கிட்டு அழுவுங்க" என்று சொன்னாராம். அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு போனாராம். இதையே திரும்பத் திரும்பச் சொல்வார். துக்கம் கேட்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "காலங்காத்தால அப்புடி வாயாடுனா ஆம்பள என்னத்துக்கு ஆவான்." அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருந்தும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். சொன்னால் அவர் மேலிருக்கிற பழி போய்விடும், ஆனால் நான் யார் என்று தெரிந்துவிடும். பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

முப்பதாம் நாள் படத்திறப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது அண்ணியே கூப்பிட்டார்.

"தம்பி, அவரு காவடி ஆடுற வீடியோ ஒண்ணு போட்டீங்கள்ல? அதுல சிரிச்ச மொகமா இருக்காரு. படத்திறப்புல பெரிய திரையில போடணும். ஏற்பாடு பண்ணித் தாங்க."

அதற்குப் பிறகு தப்பிக்க வழி இல்லை. அன்று சாயங்காலமே போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தை கடைசியிலிருந்து நாங்கள் பார்த்தது, பெயர் வைத்தது, தாளம் போட்டது, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது என் வாய் அடைத்துப்போனது. "நீங்க திட்டுனதுக்கும் அவரு போனதுக்கும் சம்பந்தமே இல்லண்ணி" என்று முடித்தேன்.

அண்ணி வீடியோவைப் போடச் சொன்னார். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மேளம் இல்லாமல் பார்த்தால் அதில் காவடி எதுவும் இல்லை. ஒரு மனுஷன் தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறான், பிறகு எதிரே இருக்கிறவனுக்காகச் சிரிக்கிறான். மூன்று தடவை பார்த்தார்.

"டாக்டரம்மா கேட்டப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமாண்ணி."

"ஒரு மாசமா என்னை நானே தின்னுக்கிட்டுக் கெடக்கேனே தம்பி. வாரா வாரம் வந்து காப்பி குடிச்சிட்டுப் போனீங்களே."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"எம் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சா மனசு ஆறும்னு நெனச்சேன். ஆறலியே. இப்ப, காப்பாத்தியிருக்கலாம்னுல்ல தெரியுது" என்றார். போனை என் கையில் கொடுத்துவிட்டு, "வீடியோவப் போடுங்க. போட்டுட்டு அது என்னன்னு நீங்களே மைக்குல சொல்லுங்க. என்னை வாயாடின்னு சொன்ன ஆளுங்களும் அங்கதான் உக்காந்திருப்பாங்க" என்றார்.

போட்டேன். திரையில் அண்ணன் தோளைப் பிடித்ததும் பந்தலில் பழக்கத்தில் சிலர் சிரித்தார்கள். நான் மைக்கில் சொல்லச் சொல்ல அடங்கிவிட்டார்கள். செல்வராசு பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அந்த உறவுக்காரப் பெண் எழுந்து வந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். அண்ணி கையை விடுவித்துக்கொண்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். என்னோடு அவர் இன்னும் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை மைக்கில் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை. அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான், அதனால் இங்கே எழுதுகிறேன். வீடியோ எடுத்த அன்று செல்வராசு லாரிக்குப் போன பிறகு, நானும் அண்ணனும் மட்டும் இருந்தோம். நான் அந்த வீடியோவுக்கு மேளம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தோளை இன்னும் விடவில்லை.

"பாலு, ஒனக்கும் இப்புடி இழுக்குமாடா?" என்று கேட்டார்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. அவர் குரல் எனக்குத் தெரியும். நான் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "வயசாயிடுச்சுண்ணே ஒங்களுக்கு" என்றேன். அவர் "ஆமாமா" என்று சிரித்துவிட்டுப் பட்டியல் எழுத உள்ளே போனார். வேறு யாரிடமும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. "வாங்கண்ணே, போய்க் காட்டிட்டு வந்துடுவோம்" என்று சொல்லியிருந்தால் போதும். மணி மூன்றுகூட ஆகவில்லை. என் வண்டி வாசலில்தான் நின்றது.