மருதையின் இடது கால்

மருதை மரத்தைக் காலால்தான் பிடிப்பார். தரையில் உட்கார்ந்து, இடது காலின் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே சட்டத்தைக் கவ்வினால் அது அசையாது. உப்பிலியபுரத்திலிருந்து வந்து, இருபத்திரண்டு வருடமாகத் தில்லை நகர்ப் பக்கம் அப்படித்தான் கதவும் அலமாரியும் செய்துவந்தார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடியில் மரச்சட்ட அறை ஒன்று கட்ட அவரைக் கூப்பிட்டேன். நியூசிலாந்தில் இரண்டு வருடம் வீடு கட்டும் வேலை பார்த்துவிட்டு, காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் ஒரு நெயில் கன்னோடு திரும்பியிருந்தேன்.

அதில் ஆணி அடிக்க இரண்டு முறை உண்டு; ஒரு பொத்தானைத் தள்ளி மாற்றலாம். கன்னின் மூக்கை மரத்தில் அழுத்தி, பிறகு விசையை இழுத்தால் ஓர் ஆணி மட்டும் இறங்கும். புதியவருக்கு அதைத்தான் தர வேண்டும். மற்றதில், விசையை இழுத்தே வைத்திருந்தால் மூக்கு படும்போதெல்லாம் ஆணி பாயும். வேகம். எனக்கு அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது; அதற்குள் அறை முடிய வேண்டும். வேகமானதில் வைத்துக் கொடுத்தேன்.

"கை ஒரு முழம் தள்ளியே இருக்கணும்ண்ணா" என்றேன். காலைப் பற்றிச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் யாரும் காலால் பிடிப்பதில்லை. ஆனால் இவர் பிடிப்பதைப் பார்த்தேன். அழகாக இருக்கிறதென்று வீடியோகூட எடுத்தேன்.

மூன்றாம் நாள் ஓர் ஆணி மரக்கணுவில் மோத, கன் துள்ளி மறுபடி பட்டது. இரண்டாவது ஆணி இடது கால் கட்டைவிரலைத் துளைத்து மரத்தில் நின்றது.

"எலும்பு கூடிடும். விரல் மடங்கறது சிரமம்" என்றார் டாக்டர்.

மருதையின் மனைவி பொன்னுத்தாய் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வெடித்தார். "கண்ணு எங்க இருந்துச்சு? மிஷினைக் கண்டதும் பெரிய இன்ஜினியர்னு நெனப்பா?"

"என் கவனக்குறைவுதான், விடு" என்றார் மருதை. நான் மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அக்கா, மிஷினைத் தப்பா வெச்சுக் கொடுத்தது நான்தான். கால் அங்க இருக்கறதும் எனக்குத் தெரியும்."

பொன்னுத்தாய் கணவரைப் பார்த்தார். "உனக்கு இது தெரியுமா?"

"அடுத்த நாளே தெரியும். கன்னுல பொத்தான் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட பத்து நாளா திட்டு வாங்குன?"

"திட்டு எனக்குப் பழக்கம். இந்தப் பொண்ணு தாங்காது."

பொன்னுத்தாய் என் பக்கம் திரும்பினார். "இனிமே யாருக்காவது சொல்லிக் கொடுத்தீங்கன்னா, மொதல்ல அவங்க காலைப் பாருங்க" என்றார்.

டிக்கெட்டை ரத்து செய்தேன். மருதை இப்போது மேஜையில் சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஷூ அணிந்து, நின்றுகொண்டு வேலை செய்கிறார். ஆணி சிக்கினால் முதலில் காற்றுக்குழாயைக் கழற்றுகிறார். ஒவ்வொரு முறை சட்டத்தை எடுக்கும்போதும் இடது கால் தானாகக் கொஞ்சம் மேலே எழும்புகிறது; பிறகு இறங்கிவிடுகிறது.